மாமாவுக்குப் பயந்த பிள்ளைகள்

அப்பா,

இன்று காலை ஓர் ஆய்வேடு மதிப்பீட்டுக்கு வந்தது. உறையைப் பிரித்ததும் பைண்டிங் பசையின் நெடி. என் ஆய்வேட்டை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது நீங்கள் அதை மூக்கருகே கொண்டுபோய், "புளிச்ச மாவு மாதிரில்லா இருக்கு மக்கா" என்றீர்கள். மதராசில் மனோதத்துவம் படித்து எழுதியதற்கு நம் வீட்டில் கிடைத்த முதல் மதிப்புரை அதுதான்.

நான் எழுதியது பிள்ளைகளின் பயத்தைப் பற்றி. தப்புச் செய்தால் வீட்டில் யாருக்குப் பயப்படுவாய் என்பது என் முதல் கேள்வி. நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மாமாவுக்கு என்றார்கள். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பயப்படுவது தகப்பனுக்குத்தான், எல்லாப் புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது, கேட்ட விதத்தில் கோளாறு, திரும்பக் கேட்டு வா என்று அனுப்பிவிட்டார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? தாய்வழியில் சொத்து வந்த, மாமன் சொல்லே செல்லுபடியான வீடுகள் நம்முடையவை. சட்டம் மாறிய பிறகும் அம்மாவின் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நாங்கள் ஆளுக்கொரு மூலைக்கு ஓடினோம். நீங்களோ மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பீர்கள்.

திரும்பக் கேட்கப் போனபோது குடையை எடுத்துக்கொண்டு நீங்களும் கூட வந்தீர்கள். கல்யாணமாகாத பெண் தனியாக வரப்பில் அலைவதாவது என்று அம்மா சொன்னது ஒரு காரணம். வேடிக்கை பார்க்க உங்களுக்கே ஆசை என்பது இன்னொன்று. தாழக்குடியில் ஒரு சிறுமியிடம் கேட்டேன்.

"குடத்தப் போட்டு உடைச்சா யாருக்குப் பயப்படுவே?"

"மாமாவுக்கு."

"அப்பாவுக்கு?"

அவள் என்னைக் கிறுக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அப்பா என்னத்துக்கு அடிக்கணும்?"

குளக்கரையில் நின்ற நீங்கள் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சங்கதி மாமா காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே வந்துவிட்டார். "ஏட்டி, நீ படிச்சுக் கிழிச்சது இதுதானா? மாமன் பேயி பூதம்ணு எழுதி மதராசுக்காரனுக்குக் காட்டப்போறியா? அந்தப் பாகத்தக் கிழிச்சுப் போடு."

அது போனால் ஆய்வேடே இல்லை. பேராசிரியரிடம் மல்லுக்கு நின்ற நான் மாமா முன்னால் வாயைத் திறக்கவில்லை. என் ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது.

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள். மாமா பேச்சுக்கு நீங்கள் மறுபேச்சுப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"பிள்ளைக சொன்னதத்தான எழுதியிருக்கா அத்தான். எழுதினது எழுதினபடி இருக்கட்டு."

குரலை உயர்த்தவில்லை. அப்போதும் வேட்டியை இறக்கிவிட்டுத்தான் நின்றீர்கள். அம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு உங்களைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நான் மதராசுக்குப் புறப்பட்ட அன்று பஸ் நிற்கும் இடத்துக்கு மாமாவே ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார். "எனக்குப் பயந்தவ எழுதுற காரியமா ஏட்டி இது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பேராசிரியரும் இரண்டாம் முறையும் அதே பதில்கள் வந்ததைப் பார்த்து, புத்தகம் எழுதியவர்கள் உங்கள் ஊருக்கு வந்ததில்லை போலிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

பைண்டு செய்த ஏட்டை நீங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினீர்கள். இங்கிலீஷ் உங்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. "எம் பேரு எங்கயாவது உண்டா மக்கா?" என்று கேட்டீர்கள். ஆராய்ச்சியில் அப்படியெல்லாம் பேர் போடக்கூடாது அப்பா என்றேன். சரி என்று துண்டால் துடைத்து அலமாரியில் வைத்தீர்கள்.

பிள்ளைகளிடம் இரண்டாவதாகவும் ஒன்று கேட்டிருந்தேன். பயந்துபோனால் யாரிடம் ஓடுவாய்? அப்பாவிடம் என்றுதான் அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். கடைசி அத்தியாயம் அதுதான். அதை ஊர் உலகத்துக்கெல்லாம் இங்கிலீஷில் சொன்னேனே ஒழிய, உங்களிடம் தமிழில் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன். பேர்தான் இல்லை அப்பா, அந்த அத்தியாயம் முழுக்க நீங்கள்தான்.

இன்று வந்த ஏட்டை எழுதியவள் மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். அவளுடைய ஏட்டிலும் ஓர் அத்தியாயம் புத்தகங்களோடு ஒத்துப்போகவில்லை. கேட்ட விதத்தில் கோளாறா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், கோளாறு இல்லை. என்னோடு மதிப்பீடு செய்பவர் அதை நீக்கிவிடச் சொல்லிக் குறிப்பு எழுதியிருக்கிறார். பெரிய மனிதர், ஒரு காலத்தில் எனக்கு மேலே இருந்தவர். பேனாவை எடுத்தபோது, அவர் எதிரில் இருப்பதுபோல உங்களைப் போலவே நானும் எழுந்து நின்றேன். அவருடைய குறிப்புக்குக் கீழே எழுதிவிட்டேன்: எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.