மல்லாந்து உறங்கிய பிள்ளை

மைனி,

நேற்று மாலை பேரனின் கல்யாண வரவேற்பில் பாக்கு மட்டைத் தட்டில் பலகாரம் கொடுத்தார்கள். இட்லியின் மேல் சூடாகச் சாம்பாரை ஊற்றியதும் தட்டிலிருந்து நனைந்த பாளையின் மணம் எழுந்தது. எனக்கு அதன் பிறகு ஒரு வாய் இறங்கவில்லை. முன்வரிசையில் என் மகன் உட்கார்ந்திருந்தான். அறுபது வயதாகிவிட்டது, மண்டையில் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பின்னந்தலை பலகை போல் தட்டையாக விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. அந்தத் தட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது உங்கள் கைவேலை அல்லவா?

அவன் பிறந்தபோது நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. சென்னையோடு சேர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எனக்குத் தாய் இல்லை. சிதறாலில் அப்பா மட்டும்தான். அதனால் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகும் கொடுப்பினை இல்லாமல், அருமனையில் புகுந்த வீட்டில், உங்கள் தம்பி வீட்டிலேயே பெற்றேன். உங்கள் தம்பிக்குக் களியக்காவிளையில் ஒரு கொப்பரை மண்டியில் கணக்கெழுதும் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் உங்கள் அம்மாவான மாமியும் நீங்களும் நானும்தான்.

உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்தவர், உங்கள் புருஷன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளை இல்லாததால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இருபது வயதில் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு திமிர் இருக்குமே, அது என்னிடம் வண்டி வண்டியாக இருந்தது.

குளிப்பாட்டுவதற்குக் கமுகம்பாளை, அந்தப் பாக்கு மட்டைதான், கொண்டு வந்தது நீங்கள்தான். விழுந்த பாளையைப் பொறுக்கி, ஓரத்து நாரைச் சீவி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிள்ளையின் முதுகில் கீறாத அளவுக்குப் பதமாக்கி மாமியிடம் நீட்டினீர்கள். மாமி எண்ணெய் தேய்த்து அதில் பிள்ளையைக் கிடத்துவாள். நீங்கள் எட்டி நின்று வெந்நீர் ஊற்றுவீர்கள். ஒரு நாள் சூட்டைப் பார்க்க உங்கள் முழங்கையை நீரில் நனைத்துவிட்டு அப்புறம் ஊற்றினீர்கள். இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் வயிற்றுப் பொருமல் பிடித்துக்கொண்டது. பால் குடித்து முடித்ததும் காலை மடக்கி மடக்கி ஒரே கத்தல். மல்லாக்கக் கிடத்தினால் கையை உதறிக்கொண்டு விழித்துவிடுவான். ஒரு மத்தியானம் அலுத்துப்போய் அவனைக் குப்புறக் கிடத்தினேன். மந்திரம் போட்டது போல் அடங்கிவிட்டான். இரண்டு மணி நேரம் உறங்கினான்! பக்கத்து வீட்டுக்காரியும், "நல்லதாக்கும். கமந்து கிடந்தா வயிறும் அடங்கும், தலையும் உருண்டையா வரும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய வித்தை கற்றுவிட்டவளைப் போல நெல் அவிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பிள்ளை மல்லாந்து கிடக்கிறான், வீடு அதிர அழுகிறான், பக்கத்தில் நீங்கள்.

"எதுக்கு மைனி திருப்பிப் போட்டிய? இப்பத்தான் உறங்குனான்."

"அழட்டும் மக்கா. அழுதா என்ன?"

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். என் பிள்ளை நிம்மதியாக உறங்குவது உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணேறு என்று நினைத்தேன். சுற்றிப்போட வேண்டும், வற்றல் மிளகாய் எடுத்துத் தாருங்கள் என்று உங்களிடமே கேட்டேன். நீங்கள் எண்ணி மூன்று எடுத்துத் தந்தீர்கள். அடுப்பில் போட்டபோது நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்றல்லவா சொல்வார்கள்? நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

அடுத்த முறை நீங்கள் பிள்ளையைத் திருப்பியபோது பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தாள். அவள் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"பெத்துப் பாத்தவளுக்குத்தான் தெரியும், பிள்ளைய எப்பிடி உறங்க வைக்கணும்ணு."

மாமியின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. நீங்கள் எழுந்து புறவாசலுக்குப் போய், காலையிலேயே துவைத்துக் காயப்போட்ட துணிகளை மறுபடி வாளியில் போட்டு அலசத் தொடங்கினீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பிள்ளையைத் தொடவில்லை. ஆனால் மத்தியானம் அவன் குப்புற உறங்கும்போதெல்லாம் அறைவாசலில் வந்து உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பார்வைக்கும் நான் ஒரு தடவை மிளகாய் சுற்றினேன். எவ்வளவு பெரிய மடச்சியாக இருந்திருக்கிறேன், பாருங்கள்.

மூன்றாம் நாள் நல்ல மழை. மெத்தென்று இருக்கட்டும் என்று உங்கள் தம்பியின் இலவம்பஞ்சுத் தலையணையைப் போட்டு, அதன் மேல் பழைய வேட்டியை மடித்து விரித்துப் பிள்ளையைக் கவிழ்த்துக் கிடத்தியிருந்தேன். ஈரவிறகோடு அடுக்களையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் ஒரு சத்தம் போட்டீர்கள். என் பெயரைக்கூட அல்ல, வெறும் சத்தம். ஓடி வந்தேன். பிள்ளை உங்கள் கையில் தொங்கினான். முகம் பஞ்சுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. உதடு கறுத்திருந்தது. நீங்கள் அவன் உள்ளங்காலைத் தட்டினீர்கள், முதுகைத் தேய்த்தீர்கள், மறுபடி தட்டினீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நீட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஒரு விக்கல் வந்தது, அதற்குப் பின்னால் அழுகை வந்தது. அவ்வளவு நாளும் எந்த அழுகையை நிறுத்துவதற்காக நான் பாடுபட்டேனோ அதே அழுகைதான்.

மாமி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் பிள்ளையை என்னிடம் தரவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"எனக்கது அழவே இல்ல, மக்கா. அழுதிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். கூப்பிடுற தூரத்திலதான் நின்னேன்."

உங்களுக்கும் ஒரு பிள்ளை பிறந்திருந்தது என்று மாமி அன்றைக்குத்தான் சொன்னாள். பெண் பிள்ளை. மூன்று மாதம். அரைஞாண் கட்டியாகிவிட்டது. அதுவும் குப்புறக் கிடந்தால்தான் உறங்கும். கொடுத்த வீட்டில் உங்களைப் பிள்ளையைத் தின்னி என்றும் ராசி இல்லாதவள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கர்ப்பிணியின் காதிலும் பிள்ளை பெற்றவளின் காதிலும் செத்த குழந்தையின் பேச்சு விழக்கூடாது என்று, நான் உண்டான நாளிலிருந்து மாமி எல்லோருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டிருந்தாள். எனக்கு நல்லது நினைத்துத்தான் செய்தாள். நீங்களும் எனக்காகத்தான் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை. நான் பேசியதைக் கேட்டுக்கொண்டும் திறக்கவில்லை.

அன்றைக்கு நான் உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை மைனி. வெட்கம் விடவில்லை. "மைனி, நீங்களே உறங்க வையுங்க" என்று மட்டும் சொன்னேன். அதுதான் என்னால் முடிந்த மன்னிப்பு. நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டீர்களா, இல்லையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

தலையணை அன்றோடு போயிற்று. நீங்கள் இறுக்கமாகப் பாய் விரித்து, ஒற்றைத் துணி மடிப்பில்லாமல் போடச் சொன்னீர்கள். பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் வரும்வரை நடந்தீர்கள். காலிரண்டையும் பிடித்து வயிற்றோடு பைய மடக்கி, பைய நீட்டினீர்கள். பிறகு மல்லாக்கக் கிடத்தி, அவன் கையை உதறும்போது உங்கள் உள்ளங்கையை அவன் நெஞ்சில் கனமில்லாமல் வைத்துக்கொண்டீர்கள். அவன் அழுதான். நீங்கள் கையை எடுக்கவில்லை, தூக்கவும் அவசரப்படவில்லை. "இஞ்சதான் இருக்கேன் மக்கா, இஞ்சதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நாலைந்து நாளில் பழகிவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அவன் உறங்கிய பிறகும் நீங்கள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்குக் கீழே யார் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சத்தம் போடாமல் எழுந்து போனேன்.

அவன் தலை தட்டையானது. பக்கத்து வீட்டுக்காரி பலகைத் தலையன் என்றே பேர் வைத்துவிட்டாள். "தலை எப்பிடி இருந்தா என்னட்டி, அது மேல தொப்பி நிக்கும்லா" என்று நீங்கள் சிரித்தீர்கள். அந்த வீட்டில் உங்கள் சிரிப்பை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான். அவனுக்குப் பின்னால் பிறந்த மூன்று பேருக்கும் அதே தலை. நீங்கள் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்குக் கொள்ளி வைத்தது அந்தப் பலகைத் தலையன்தான்.

இப்போதும் பிள்ளை பெற்ற எந்த வீட்டுக்குப் போனாலும், பிள்ளையின் நிறத்தையோ முகத்தையோ பார்ப்பதற்கு முன்னால் எப்படிக் கிடக்கிறது என்றுதான் பார்க்கிறேன். பஞ்சுத் தலையணையும் பொம்மையும் சுற்றிக் கிடந்தால் கேட்காமலே எடுத்துவிடுவேன். கிழவிக்கு இதென்ன வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இப்போது ஆஸ்பத்திரியில் நர்சுகளும் மல்லாக்கத்தான் கிடத்தச் சொல்கிறார்களாம்.

நேற்று வரவேற்பில் உறவுக்காரப் பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு திண்டாடிக்கொண்டிருந்தாள். வாங்கி, தோளில் போட்டு, ஏப்பம் எடுத்து, ஜமுக்காளத்தில் மல்லாக்கக் கிடத்தி நெஞ்சில் கையை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. "இது யாரு பாட்டி உங்களுக்குச் சொல்லித் தந்தா?" என்று கேட்டாள்.

"பெத்துப் பாத்தவ ஒருத்தி" என்றேன்.