உன் தம்பியின் ஓட்டமும் நம் போட்டோ கிளாஸும்

அடியே தாரணி, என் தங்கமே, தகரடப்பாவே,

நீ இருக்கும் இடத்தில் சனிக்கிழமை உண்டா? இங்கே உண்டு. வாராவாரம் தவறாமல் வந்து என் கழுத்தைப் பிடிக்கிறது.

பள்ளி ஆண்டு மலரில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "தோழிங்கற முறையில நாலு நல்ல வார்த்தை எழுதும்மா" என்று தமிழ் மிஸ் சொன்னார்கள். உன்னைப் பற்றி நல்ல வார்த்தை நாலு தேடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதனால் உண்மையை எழுதுகிறேன். உன் அம்மாவுக்கே தெரிந்துவிட்ட பிறகு வேறு யாருக்குத் தெரிந்தால் என்ன?

ஆமாம், தெரிந்துவிட்டது. முறைக்காதே. முழுசாகக் கேள்.

போன வருஷம், ப்ளஸ் ஒன்னில், சனிக்கிழமைதோறும் நீயும் நானும் இலவச போட்டோகிராஃபி கிளாஸுக்குப் போனோம். அப்படித்தான் இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தோம். அந்த கிளாஸில் வாத்தியார் இல்லை, கேமரா இல்லை, ஏன், கிளாஸே இல்லை. உடுமலைப்பேட்டை பஸ் ஏறுவோம். காற்றாலை றெக்கைகளை எண்ணிக்கொண்டே போய் இறங்கி, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று தின்று, அடுத்த பஸ்ஸில் திரும்புவோம். நாம் கற்றுக்கொண்டது ஃபோகஸ் அல்ல, சுத்தமான போகஸ்.

அதோடு நின்றிருக்கலாம். நீ நடிக்கவும் செய்தாய். "அப்படி என்னதான் எடுத்தீங்க, காட்டு" என்று உன் அம்மா கேட்டபோது, நெட்டிலிருந்து இறக்கிய மீன்கொத்திப் படத்தைக் காட்டி, "இந்த லைட்டுக்காக மூணு மணி நேரம் காத்திருந்தேனுங்மா" என்றாய். அதற்கும் மேலே போய், "செல்லுல எடுக்கறதெல்லாம் போட்டோவே இல்லீங்மா" என்று தீர்ப்பு வேறு. பக்கத்தில் நின்று தலையாட்டியது யார்? நான்தான். அதனால் பாதிக் குற்றம் என்னுடையது.

அப்புறம் நாலே நாள் காய்ச்சல். நீ போய்விட்டாய்.

ஒன்பது மாதம் ஆகிறது தாரணி. உன் அம்மா அந்த மீன்கொத்தியைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ற புள்ள எடுத்ததுங்க. உசுரோட உக்காந்திருக்கற மாதிரியே இல்லீங்ளா?" என்கிறார்கள். வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன். என் கழுத்துக்கு இப்போது வேறு வேலையே கிடையாது.

சனிக்கிழமை காலை ஆனால் டிஃபன் பாக்ஸோடு எங்கள் வாசலில் நிற்பார்கள். "நீயாச்சும் கிளாஸ உட்றாத கண்ணு. அவளுக்கும் சேத்துப் படிச்சுரு." உன் டிஃபன் பாக்ஸ்தான். நான் எங்கே போவேன் சொல்லு? தனியாக உடுமலை பஸ் ஏற மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டு, சாயங்காலம் வரை பஸ் போர்டுகளைப் படித்துவிட்டு வருவேன். வந்ததும் "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்பார்கள். புதிதாக ஒரு பொய் தயாரிக்க வேண்டும். முன்பு பொய் சொன்னால் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால், மூணு மணி நேரம் வெளிச்சத்துக்காகக் காத்திருந்த அந்தப் பொண்ணையும் உன் அம்மாவிடமிருந்து நான் பிடுங்கிக்கொள்வேன். அவர்களிடம் மிச்சம் இருப்பது அவள்தானே? சொல்லாவிட்டால் எனக்கு ஆயுசுக்கும் சனிக்கிழமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இந்த மாதிரி நேரத்தில் எந்தச் சுவரை எகிறிக் குதிப்பது என்று நீதானே சொல்வாய்?

இந்த நேரம் பார்த்து உன் தம்பி கதிர் பள்ளி விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டர் ஃபைனலுக்கு வந்துவிட்டான். ஆறாம் வகுப்புப் பொடியன்! எக்ஸ்போர்ட் கம்பெனியில் கழித்துப் போட்ட டீ-ஷர்ட்டை முழங்கால் வரை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடி ஓடி நாய்களையே வெறுப்பேற்றிவிட்டான். "சுகியக்கா, ரிப்பன் நெஞ்சுல படறப்ப கரெக்டா எடுக்கோணும். முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம்" என்று எனக்கு உத்தரவு.

உன் அம்மா போனஸை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார்கள். "செல்லு வேண்டாம் கண்ணு. அவளே அது போட்டோ இல்லைன்னு சொல்லீருக்கறா. கேமராவே வாங்கிரலாம். எதுன்னு நீ பாத்துச் சொல்லு. நீதான எடுக்கோணும். அந்தப் பறவைக்குப் பக்கத்துல கதிர மாட்டிப்புட்டா, ரெண்டு புள்ளைகளும் ஒண்ணா இருந்துக்கும்."

உன் ஓவர் ஆக்டிங் எங்கே கொண்டுவந்து விட்டது, பார்த்தாயா?

பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன், "லென்ஸ் என்ன மாதிரி பாக்கறீங்க?" என்றார். "நல்ல மாதிரி" என்றேன். "மேனுவல்ல எடுப்பீங்ளா, ஆட்டோவுலயா?" "பஸ்லதான் வந்தோம்" என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டு "ரெண்டுலயும்" என்றேன். உன் அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பாக, கனமாக, நீட்டு மூக்கோடு. இன்னொன்று வெள்ளியாக, சோப்புக் கட்டி அளவில். உன் அம்மாவைத்தான் தெரியுமே, பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிற கை. கறுப்பு கேமராவைத் துணியைத் திருப்புவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தம்பி, வார்ல தையல் உட்டிருக்குது, மாத்திக் குடுங்க" என்றார்கள். பிறகு கண்ணில் வைத்து வாசல் பக்கம் திரும்பியதும், "அய்யோ கண்ணு, ரோட்டுக்கு அக்கட்டால பூக்கார அக்காவோட மூக்குத்திக் கல்லு மின்னறது தெரியுது!" ஒன்பது மாதத்தில் அவர்கள் குரல் அவ்வளவு உயரம் போனதை நான் கேட்கவே இல்லை.

"ஓடற புள்ளைய எடுக்கறதுன்னா பெருசுதாங்க சரி" என்றார் கடைக்காரர். "அமுத்துன நொடி படம் விழும். சின்னதுல அமுத்துனா, யோசிச்சு யோசிச்சுத்தான் விழும். அதுக்குள்ள புள்ள ஊட்டுக்கே போயிருவான்."

எனக்கு நன்றாகவே புரிந்தது தாரணி. ஆனால் பெரியதை வாங்கினால் முந்தானை முடிச்சு முழுக்க அவிழ்ந்துவிடும். அதுவும் எதற்காக? நம் பொய்க்காக. அதனால் அந்தப் பொய்யையே மறுபடி எடுத்துவிட்டேன். "இல்லீங்மா, ஸ்போர்ட்ஸுக்கு சின்னதுதான் நல்லதுன்னு எங்க கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க." கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உன் அம்மா பெரியதை மறுபடி ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள சொன்னாச் செரி" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

விழா அன்று உன் அப்பாவுக்கு சாயப்பட்டறையில் ஷிஃப்ட். உன் அம்மா அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். ரிப்பனுக்கு நேர் எதிரே, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான். விசில். கதிர் வளைவில் திரும்பி வரும்போது மூன்றாவது, பிறகு இரண்டாவது, பிறகு முதல் பையனுக்கு முழங்கை தூரம். அமுக்கினேன். கேமரா யோசித்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி யோசித்தது. கிளிக் பண்ணிக் கிழித்தேன்.

இரண்டாம் இடம்! உன் தம்பி சர்ட்டிஃபிகேட் வாங்க ஓடிவிட்டான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உன் அம்மா கேமராவைக் கையில் வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினார்கள். துணியில் ஓட்டை தேடும் அதே கண்.

"இதுல பி.டி. சார் தொப்பைதான் இருக்குது."

தள்ளினார்கள்.

"இது வேற பையன்." தள்ளினார்கள். "இதுல குதிகால் தெரியுது. கதிரோடதா கண்ணு?"

"ஆமாங்க."

கடைசிப் படம் வெறும் மைதானம். சுண்ணாம்புக் கோடு மட்டும். அதை ரொம்ப நேரம் பார்த்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். என் தலையைத் தடவினார்கள். "உடு கண்ணு, பரவால்ல. தாரணி இருந்திருந்தா எடுத்திருப்பா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவளும் எடுத்திருக்க மாட்டாங்க. அவளுக்கும் எடுக்கத் தெரியாதுங்க."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிளாஸ் இல்லை என்பதை, உடுமலையை, மாங்காயை, கடையில் நான் சொன்னதை. யாரும் தொடாததால் கேமரா தன் குட்டி லென்ஸ் மூக்கைத் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"அப்ப அந்தப் பறவ?"

"நெட்ல எடுத்ததுங்க."

மைக்கில் யாரோ குண்டு எறிதல் முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா கேமராவை மடியில் வைத்தார்கள். பிறகு என் முதுகில் சுளீரென்று ஒன்று. "பொட்டப் புள்ளைக ரெண்டு, தனியா உடுமல வரைக்குமா போயிட்டு வந்தீங்க?" அதில் பாதி உனக்கு உரியது. நீ இல்லாததால் முழுசையும் நானே வாங்கிக்கொண்டேன்.

எழுந்து போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன். போகவில்லை. என்னைப் பார்க்காமல், "பஸ்ல ஜன்னல் சீட்டு யாருக்கு?" என்றார்கள்.

"அவளுக்குத்தாங்க. சண்ட போட்டு வாங்கிக்குவா."

"போறப்ப தூங்குவாளா?"

"பல்லடம் தாண்டுனா தூங்கிருவாங்க. என்ற தோள்ல சாஞ்சு. எச்சில் ஒழுகும்."

சிரித்தார்களா அழுதார்களா, தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். "ஒம்பது மாசமா பழசையே திருப்பித் திருப்பி நெனச்சுட்டுக் கெடந்தேன் கண்ணு. இது எனக்குத் தெரியாதே. மாங்கா எந்தக் கடைல? அவளுக்கு ஒறப்பு ஆகாதே, எப்படித் தின்னா? சொல்லு."

சொன்னேன். அதற்குள் கதிர் வந்து கேமராவைப் பிடுங்கி, "நான் எங்கீங்க்கா?" என்றான். "நீ ஓடுன வேகத்துக்குக் கேமராவுக்கே எட்டலடா" என்றேன். நம்பிவிட்டான். கேமராவில் சிக்காத வேகம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். உன் தம்பியாயிற்றே.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைக்காதே. "அடுத்த சனிக்கெழம ஊட்டுக்கு வா. அடுத்த தடவ நீங்க போனதச் சொல்லு. ஒண்ணையும் உட்றக் கூடாது" என்று உன் அம்மா உத்தரவு போட்டுவிட்டார்கள். முன்பு எங்கே உட்காருவது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் வீட்டு நாற்காலியில், உன் அம்மாவுக்கு எதிரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கேட்கும்போது கண்ணைப் பார்க்க முடியவில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

பதினோரு தடவை போனோம். பத்தை வரிசையாகச் சொல்வேன், ஒரு பொய் கலக்காமல். உடுமலையில் இறங்காமல் கொமரலிங்கம் வரை போய், ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு நீ அழுதாயே, அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டேன். இங்கேயும் எழுத மாட்டேன். அது சத்தியம்.

உன்னைவிடப் பதினேழு நாள் மூத்த உன் அக்காள்,
சுகன்யா