பேசியவர்கள் பட்டியல்

சார்,

இன்னைக்குக் காலையில நம்ம பழைய அஞ்சாம் வகுப்பு முழுக்க ஊதுபத்தி வாசனை. நீங்க தூங்கி வழிஞ்ச அதே நாற்காலியில உங்க போட்டோவை மாலையோட உட்கார வெச்சிருந்தாங்க. போட்டோவுலதான் முதல் தடவையா கண்ணைத் திறந்து எங்களைப் பார்க்கறீங்க.

“எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்னு சொல்லுவாரு, அப்படியே வாழ்ந்தாரு”ன்னு ஹெட்மாஸ்டர் உருகினார். உண்மைதான். காது கேக்காத, வாய் பேசாத மல்லிகாவுக்கும் எங்களுக்கும் நீங்க வித்தியாசமே பார்க்கலை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுதான் டிக்டேஷன் போடுவீங்க. அவ வாயசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கறவ. உங்க முதுகுக்கு வாய் இல்லை. தினமும் அவளுக்கு முட்டை மார்க்.

பாடாலூர் வெங்காயக் காட்டுல கூலி வேலை பார்த்த அவ அப்பா, துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து கேட்டது நினைவிருக்கா? “பஸ் போர்டு படிச்சாப் போதுங்க சார். தனியா போயிட்டு வந்துரும்.” “உட்காரட்டும்”னீங்க. உட்கார்ந்தா. நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்புன்னு ரெண்டு வருஷம் உட்கார்ந்தா.

நான் லீடர். நீங்க டீ குடிக்கப் போனா, பேசறவங்க பேரைப் போர்டுல எழுதணும். ஒருநாள் விளையாட்டா முதல் பேரா ‘மல்லிகா’ன்னு எழுதினேன். நீங்க கவனிப்பீங்களான்னு பின் பெஞ்சோட பந்தயம். கண்டுபிடிச்சா எனக்கு ரெண்டு அடி, அவ்வளவுதானேன்னு நெனச்சேன்.

நீங்க பிரம்பை எடுத்தீங்க. “முதல் ஆளு, வா.” அவ அசையலை. “திமிரா?” பக்கத்துப் புள்ள தள்ளிவிட, வந்து கையை நீட்டினா. சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கினப்போ நீட்டின மாதிரியே, சிரிச்சுக்கிட்டு. ஆறு அடி. “இனிமே பேசுவியா?”ன்னு வேற கேட்டீங்க. வகுப்பு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது. ஏன்னு உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

மறுநாள்லேருந்து அவ வரலை.

போன வாரம் பாடாலூர் பஸ் ஸ்டாப்புல, வெங்காயக் கூடையோட நின்னா. வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் காட்டி, நிக்கறவங்க சட்டையை இழுத்து இழுத்துக் கேட்டா. என் சட்டையையும் இழுத்தா. என்னை அடையாளம் தெரியலை. ரெண்டு கையாலயும் கோட்டை மாதிரி வளைச்சுக் காட்டினா. கோட்டை இருக்கற ரஞ்சன்குடிக்குப் போகணுமாம். போர்டைப் படிச்சு நான்தான் ஏத்திவிட்டேன்.

இன்னைக்குக் கூட்டத்துல ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கச் சொன்னாங்க. நின்னேன், உங்களுக்காக இல்லை. “சார், நான் விளையாட்டுக்கு எழுதினது”ன்னு சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் இருந்துச்சு. ஆறு அடி விழற வரைக்கும் நேரமும் இருந்துச்சு. அந்த வகுப்புல பேசாம இருந்தது நான்தான்.