நீங்கள் கழற்ற மறுத்த பதக்கங்கள்

அண்ணே,

உங்கள் பதக்கங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வீடு முழுக்கப் பாலிஷ் நெடி. கோபம் வந்தால் எனக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும்.

காலையில் நம் ஊர் முன்னாள் வீரர் சங்கத் தலைவர் போன் செய்தார். "அவரோட மெடலு, தொப்பியெல்லாம் நம்ம ஹாலுல கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்மா. பெரிய வீரர் லா."

இதே மனிதர்தான், இதே ஹாலில். ஆண் ஆணை விரும்பினாலும் பெண் பெண்ணை விரும்பினாலும் அதற்காக யாரையும் படையிலிருந்து துரத்தக்கூடாது என்று நீங்கள் எழுந்து பேசியபோது, "மெடல கழட்டி வச்சிட்டுப் பேசுங்க, எங்களுக்கு அசிங்கமா இருக்கு" என்றார். "இத போட்டிருக்கறதாலதான் பேசறேன்" என்றீர்கள். சுவரிலிருந்த உங்கள் படத்தை இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு உங்கள் மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கக்கூட ஒருவரும் வரவில்லை.

"விடும்மா, மாறுவாங்க" என்பீர்கள். உங்களிடம் எனக்குப் பிடிக்காதது அந்தப் பொறுமை ஒன்றுதான். மாறவில்லை அண்ணே. ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், சாவு வீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இனி நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்ற தைரியம்.

நான் ஒருத்தியை விரும்பியது தெரிந்து என்னைப் படையிலிருந்து வெளியேற்றிய அன்று, அப்பா வரவில்லை. தோழிகள் வேறுபக்கம் பார்த்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு முகாம் வாசலைத் தாண்டினால், முன்பின் தெரியாத நீங்கள் கொளுத்தும் வெயிலில் தொப்பியும் பதக்கமுமாக நின்று எனக்கு சல்யூட் அடித்தீர்கள்.

"இப்படிப் போறவங்களுக்கு யாரும் அடிக்க மாட்டாங்க. அதான் வந்தேன். சாப்பிட்டியாம்மா?"

அதுவரை அழாத நான் அப்போதுதான் அழுதேன்.

தலைவரிடம் தரமுடியாது என்றேன். "நீ யாரும்மா அதச் சொல்ல? குடும்பமா?"

"அவரே என் கையில கொடுத்தாரு. உங்க ஹாலுக்குக் கொடுக்கல." போனை வைத்துவிட்டேன்.

நாளை இன்னொருத்தியைப் படையிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள். அவள் முகாமுக்குக் காஹாங் ஊரைத் தாண்டி, செம்பனைக்காட்டு வழியாக நான் போகவேண்டும். இறந்தவரின் பதக்கங்களை அவருக்காக அணிபவர்கள் வலது மார்பில் குத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே குத்திக்கொள்வேன். சல்யூட் அடிக்க எனக்கு உரிமையில்லை என்று வாசலில் காவலுக்கு நிற்பவன் கத்துவான். கத்தட்டும். அவள் என்னைத் தாண்டிப் போகும்வரை என் கை இறங்காது.