நோகாத நோன்பு

மார்ச் 4, செவ்வாய்
வேலை பார்க்கிற லேபில் இன்று நல்ல கூட்டம். நெய்யாற்றின்கரையில் பஸ் கிடைக்க முக்கால் மணி நேரம். நாளை லெந்து, ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் நோன்பு, தொடங்குகிறது.

மார்ச் 5, சாம்பல் புதன்
ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு. ஈஸ்டர் வரை எதை விடப்போகிறோம் என்று எழுதி, பேர் போடாமல், பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். ஈஸ்டர் விடியலில் எல்லாச் சீட்டையும் எரித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஷைஜு மீன் என்று எழுதினார், பாவம் மனிதர். நான் 'டிவி சீரியல்' என்று எழுதினேன். எந்தக் காலத்தில் நான் சீரியல் பார்த்தேன்? நோகாமல் நோன்பு கும்பிடுவது என்றால் இதுதான்!

மார்ச் 10, திங்கள்
பக்கத்து வீட்டு விலாசினி அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் ஆதிரா பெங்களூருக்கு நாளை திரும்ப வேண்டும். ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, புதன்
ஏழு மணிக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுபோனேன். டிவியில் மலையாளச் சீரியல். ஒரு யட்சிப் பேய், வாடகை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் குடியிருக்கிறதாம். பறக்கும்போது இடுப்புக் கயிறு நன்றாகத் தெரிகிறது. பல்லியைக் கண்டால் அலறுகிறது. கண்றாவி! பாத்திரத்துக்காகக் காத்து நின்ற நேரத்தில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்
பல்லி மேலே விழுந்து யட்சிக்கு மயக்கம். யட்சியை விரட்ட வந்த மந்திரவாதியே தண்ணீர் தெளித்து எழுப்புகிறான். நின்றுகொண்டுதான் பார்த்தேன். நின்று பார்ப்பது கணக்கில் வருமா?

மார்ச் 17, திங்கள்
"இரி மக்கா, நின்னா காலு கடுக்கும்" என்றார் அக்கா.
"வேண்டாம் அக்கா, இப்பம் போயிருவேன்."
கதவில் சாய்ந்தபடி அரை மணி நேரம்.

மார்ச் 20, வியாழன்
உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்
இன்று மந்திரவாதியின் ஜடாமுடி கழன்று புட்டுக்குடத்தில் விழுந்தது. யட்சி அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்தது. கண்ணாடியில் ஜடாமுடி மட்டும்தான் தெரிந்தது! அக்கா சிரித்துச் சிரித்து மாவுக்கட்டைத் தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை, அடுக்களை, சபைப் பெண்கள் சங்கம் என்று ஓடி ஓடி, இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று? சந்தோஷமாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ஷைஜு வெறும் புளிக்குழம்போடு உட்கார்ந்திருக்கிறார். தெருவில் யாரோ சாளை மீன் பொரிக்கிற மணம். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு
பெண்கள் சங்கத் தலைவி சத்தியபாய் டீச்சர் பிடித்துக்கொண்டார். "அடுத்த ஞாயிறு சங்கத்துல நீ சாட்சி சொல்லணும் ஜோஸ்னா. என்னத்த விட்ட, கர்த்தர் எப்படி பெலன் தந்தாருன்னு."
சரி என்று தலையாட்டிவிட்டேன். ஐயோ — சீட்டில் பேர் இல்லாவிட்டால் என்ன, எழுதின கை என்னுடையதுதானே?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
சொல்லிவிட்டேன். பார்க்காததை விட்டதாக எழுதினேன், விட்டதாக எழுதியதைத் தினமும் போய்ப் பார்க்கிறேன் என்று. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. டீச்சர் சிரிக்கவில்லை.
"இன்னும் ஒரு வாரம் உண்டு. விடுகதுக்கு உனக்கு இப்பந்தான் ஒரு காரியம் கிட்டியிருக்கு. விடு."
கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் வந்தது.

ஏப்ரல் 14, திங்கள்
ஆறரைக்கே சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
"மக்கா, வியாழக்கிழம கடசி எபிசோடு ஆக்கும்! யட்சி போவாளா, இருப்பாளான்னு தெரியண்டாமா?"
"நீங்க பாருங்க அக்கா. ஈஸ்டர் கழிஞ்சு எனக்குச் சொன்னா போதும்."
ஏழு அடிக்கும் முன்னே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
ஏழு மணிக்குத் திருவிருந்து ஆராதனை. போதகர் என்ன பேசினாரோ! மனசு தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. திரும்பும்போது ஷைஜுவிடம் சொன்னேன். "எனக்கு நாப்பது நாளு. உனக்கு நாலு நாளு. அதுக்கா இந்த மூஞ்சி?" என்றார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்
விடியலில் சீட்டுகளை எரித்தார்கள். என்னுடையதும் மற்றவற்றோடு எரிந்தது. இந்தக் கடைசி ஒரு வாரமாவது உண்மை.

பத்து மணிக்கு மீன்கறியோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஷைஜு தன் தட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் கையோடு கொண்டுவந்தார்.
"அக்கா, சொல்லுங்க. யட்சி போனாளா?"
"எனக்கென்ன தெரியும்? திங்கக்கிழமைல இருந்து நான் டிவி போடவே இல்ல. ஒத்தைக்கு இருந்து சிரிக்கதுல என்ன ரசம்?"

காலில் கட்டோடு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், ஆறு சாயங்காலம் அந்த டிவியைச் சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எந்தச் சீட்டிலும் எழுதாமல்.

"போன்ல எப்பம் வேணும்னாலும் பாக்கலாம்னு ஆதிரா சொல்லித் தந்திருக்கா. இரி மக்கா" என்றார் அக்கா.

எங்கள் இரண்டு பேரில் நான்தான் முதலில் உட்கார்ந்தேன்.