ஸ்காகனுக்கு இழுத்துப்போன வீடு

26.6.1988, ஞாயிறு. கிரின்ஸ்டெட், டென்மார்க்

இன்று நான் சொல்லாதது: “அண்ணா, உங்களுக்குப் பயம்.”

தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். ஹோர்சன்ஸிலிருந்து தவராஜா அண்ணை வந்திருந்தார். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் எங்கள் ஆட்களின் பெயர்களைச் சேர்க்கிறார். கொப்பன்ஹேகனில் குடிவரவுக் கந்தோரில் தமிழரின் விண்ணப்பங்களை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சட்டத்தரணி சொல்கிறாராம். எல்லாரும் சேர்ந்து முறைப்பாடு செய்யப்போகிறார்கள். ஜூலை 23, சனிக்கிழமை, ஹோர்சன்ஸ் தேவாலய மண்டபத்தில் கூட்டம்.

“நீர் வந்தீரெண்டால் இன்னும் பத்துப்பேர் வருவினம், றொபேட்,” என்றார் அண்ணாவிடம்.

“அவையளுக்கு ஏதும் காரணம் இருக்கும்,” என்றார் அண்ணா. “எங்களுக்குச் சோறு போட்ட நாடு. முறைப்பாடு குடுத்தா எங்கடை பேப்பரை எல்லாத்துக்கும் அடியிலை வைச்சிடுவாங்கள்.”

“இப்ப மட்டும் மேலையோ கிடக்கு?”

அண்ணா சிரித்து மழுப்பினார். “அதை விடும். இதை வந்து பாரும்,” என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவருடைய கம்பிங்வோன். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற சின்ன வீடு. அவரோடு தொழிற்சாலையில் நிற்கிற டெனிஷ்காரர் பெரிதாக ஒன்று வாங்கியதால் பழையது எங்களிடம் வந்தது. நாலு கட்டில், ஒரு அடுப்பு, யன்னலுக்குப் பூப்போட்ட சீலை. வாற மாதம் விடுமுறையில் ஸ்காகன் வரை போகப்போகிறோமாம். நாட்டின் வடக்கு நுனி. அங்கே இரண்டு கடல் சந்திக்கிறதாம்.

கூட்டம் நடக்கும் அதே வாரம்.

28.6

வேலை முடிந்து நூலகத்துக்குப் போனேன். வழக்கமாக நாவல்தான் எடுப்பேன். இன்று அந்நியர் சட்டம், வெளிநாட்டாரைப் பற்றிய டெனிஷ் சட்டம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் பிரிவை வாசித்தேன். அகதியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுக்கப்படும் என்று இருக்கிறது. கந்தோருக்கு விருப்பமிருந்தால் என்று எங்கேயும் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன்.

இதையும் அண்ணாவிடம் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் “நீ கனக்கப் படிச்சிட்டாய்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

3.7, ஞாயிறு

அண்ணா கட்டில்களுக்கு விரிப்புப் போட்டார். குறுக்காக மேலும் கீழுமாக இருக்கிற சின்னக் கட்டில்களில் மேலது மகன் சுஜிந்தனுக்கு, கப்பல் படம் போட்ட விரிப்பு. கீழது மகள் மரினாவுக்கு, மஞ்சள். ஆளில்லாத கட்டிலுக்குத் தலையணையும் வைத்துத் தட்டிவிட்டார்.

சுஜியை ஊரில் விட்டு வரும்போது அவனுக்குப் பதினொன்று. இப்போது பதினாலு. கடைசியாக ஊரிலிருந்து வந்த படத்தில் தாயின் காதுக்கு மேலே நிற்கிறான். அந்தக் கட்டிலுக்குள் அவன் முழங்காலை மடித்துத்தான் படுக்கலாம். அண்ணாவுக்கு அவன் இன்னும் பதினொன்றுதான்.

இதை எழுதவேண்டும், எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் இரண்டு பேரைத்தான் ஏற்றுவேன் என்றான். அண்ணாவோடு வந்திருக்க வேண்டியது அவர் மனைவி செலின் மச்சாள். ஆமி ரவுண்டப்பில் இளம் பெண்களையும் கொண்டுபோகத் தொடங்கியிருந்த நேரம். “நீ முதல் போ பிள்ளை,” என்றாள் மச்சாள். “நான் பெண்சாதி. என்னையும் பிள்ளையளையும் கூப்பிட அவையின்ரை சட்டத்திலையே இடமிருக்காம்.” அவளுடைய இடத்தில் இருந்துகொண்டு நான் நாவல் வாசிக்கிறேன்.

10.7

பூசைக்குப் பிறகு சுவாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். கட்டில்களுக்கும் தெளித்தார். “குடும்பத்தோடை சந்தோசமாய்ப் போட்டு வாங்கோ.” அண்ணா “ஓம் சுவாமி” என்றார். 

12.7

மீன் குழம்பு நன்றாக இருந்தது என்றார் அண்ணா. சாப்பிட்டதும் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

18.7, திங்கள். ஸ்காகன்

விடியத் தொடங்கி மத்தியானம் தாண்டித்தான் வந்து சேர்ந்தோம். வண்டி கொளுவினால் எழுபதுக்கு மேல் ஓடக்கூடாது. பின்னால் தேர் இழுக்கிற மாதிரி ஒரு கார் வரிசை. அண்ணாவுக்கு அதில் வெட்கமே இல்லை. ஊரில் மன்னாரிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓடியவர். “ஐஸ் உருகமுதல் கொண்டுபோய்ச் சேத்தவன் நான். இதிலை உருக என்ன கிடக்கு?” ஓல்போர்க்கில் கடலுக்கு அடியால் போகும் சுரங்கத்துக்குள் மாதா பாட்டு ஒன்றை உரத்துப் பாடினார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு இப்போது என்மேலேயே கோபம் வருகிறது.

காரணம், வண்டிகளை நிறுத்தித் தங்குகிற கம்பிங் இடத்தின் வாசலில் நடந்தது. பதிவுசெய்கிற பெண் என்னைப் பார்த்துவிட்டு அண்ணாவிடம், “நீயும் உன் மனைவியும், இரண்டு பேர்?” என்று கேட்டாள்.

அண்ணா “ஓம்” என்றார்.

ஓம் என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன். “தங்கச்சி” என்று சொல்ல அவருக்கு டெனிஷ் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

பிறகு வண்டியை எங்கள் இடத்துக்குள் பின்னுக்கு எடுக்க வேண்டும். மீன்வாடிக்குள் லொறியை ஒரே எடுப்பில் பின்னுக்கு விட்ட மனிதருக்கு இது பிடிபடவில்லை. கார் ஒரு பக்கம் திரும்ப வண்டி மற்றப் பக்கம் போகிறது. வேலியில் இடித்தார், தண்ணீர்க் குழாயில் இடித்தார். சுற்றிவர எல்லாரும் மடக்குக் கதிரைகளில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு நாடகம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து இடத்துக் கிழவர் எழுந்து வந்து காரைக் கழற்றச் சொல்லி, வண்டியைக் கையால் தள்ளி உள்ளே விட்டார்.

மற்ற நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நன்றாக இடிபடட்டும் என்றுதான் நின்றேன்.

19.7

இரவு காரின் பின் சீற்றில் படுத்தேன். அண்ணா காலையில் பாணும் முட்டையும் கொண்டுவந்து தந்தார். வாங்கவில்லை.

“அவள் கேட்டதுக்கு ஏன் ஓம் எண்டனீங்கள்?”

“இவளிட்டை என்னத்தை விளங்கப்படுத்துறது? தங்கச்சியெண்டால் பெண்சாதி எங்கையெண்டு கேப்பினம்.”

“கேக்கட்டுமே.”

“கேட்டா நான் என்ன சொல்ல?”

“வர விடுகினமில்லை எண்டு சொல்லுங்கோ.”

“சத்தம் போடாதை. சனம் பாக்குது.”

சனம் பார்க்குது. சனம் பார்க்கவேணும் எண்டுதானே கட்டிலெல்லாம் விரிச்சு வைச்சிருக்கிறியள். எனக்கு ஒரு பெயர் இருக்கு, விக்ரோரியா. நான் ஒருத்தற்றையும் பெண்சாதி இல்லை. மச்சாள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறாள், இங்கே அவளுடைய இடத்தையும் நான் எடுக்கிறதோ? எத்தனை தரம் எடுக்கிறது?

இதை எல்லாம் அங்கே சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

20.7, புதன்

சொல்லிவிட்டேன். வாய்விட்டு, டெனிஷில்.

பக்கத்து இடத்துக் கிழவரின் மனைவி, இங்கர் என்று பெயர், கேக் செய்து கொண்டுவந்தாள். எங்கள் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குக் கப்பல் விரிப்பு கண்ணில் பட்டது.

“எவ்வளவு அழகு! உன் பிள்ளைகள் இன்றைக்குத்தானே வருகிறார்கள்? புதன்கிழமை என்று உன் கணவர் சொன்னார்.”

புதன்கிழமை என்று சொல்லியிருக்கிறார். நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

“அவர் என் கணவர் இல்லை, அண்ணா,” என்றேன். “எனக்கு இருபத்து மூன்று வயது. அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய தாயும் இலங்கையில் இருக்கிறார்கள். அங்கே சண்டை. அவர்கள் வருவதற்கு உங்கள் சட்டத்தில் உரிமை இருக்கிறது. உங்கள் கந்தோர் பதிலே சொல்லாமல் வைத்திருக்கிறது.”

ஒரு சொல்லும் தடக்கவில்லை. தண்ணீர்க் கலனோடு வந்த அண்ணா அப்படியே நின்றுவிட்டார்.

 இங்கரின் முகம் உண்மையாகவே வாடிப்போனது. பிறகு சொன்னாள்: “பாவம். ஆனால் அவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும்.” சொல்லிக்கொண்டே அண்ணாவுக்குப் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள்.

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அண்ணா தட்டை வாங்கினார். “என்ன காரணம்?” என்று கேட்டார். மெல்லத்தான் கேட்டார்.

“எனக்கு எப்படித் தெரியும்?”

“என்ன காரணம் இருக்கும் என்று நினைக்கிறாய்?”

அவள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கிழவர் கோப்பிக்குள் பார்த்தார். அண்ணா தட்டைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு வண்டிக்குள் போனார். போகும்போது எனக்குத் தமிழில், “ஊரெல்லாம் சொல்லித் திரி,” என்றார்.

21.7

நாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை. பின்னேரம் தானாகவே “வா” என்றார். நுனி வரை மணலில் நடந்தோம். டெனிஷ்காரர் ஒரு காலை ஒரு கடலிலும் மற்றக் காலை மற்றக் கடலிலும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணா தண்ணீருக்குள் இறங்கவில்லை.

“அவ நான் சொல்லுறதைத்தான் சொன்னவ,” என்றார்.

“ஓம்.”

“என்ரை வாயிலை வரேக்கை அது நல்லாத்தான் இருந்தது.”

 வெற்றிபெற்ற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

திரும்பி வரும்போது கேட்டார்: “தவராஜா சொன்ன கூட்டம் எத்தினை மணிக்கு?”

23.7, சனி. ஹோர்சன்ஸ்

நேற்றே வண்டியைக் கொளுவிக்கொண்டு வெளிக்கிட்டோம். வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே.

மண்டபம் நிறைய ஆண்கள். எல்லாரும் வெள்ளைச் சேட்டு. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி, பெண்கள்தான் இல்லை. நானும் தேத்தண்ணி ஊற்றிய இரண்டு அக்காமாரும் மட்டும். தவராஜா அண்ணை முறைப்பாட்டுக்குப் பெயர் கேட்டதும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். அண்ணா எழும்பினார். பேச்சு ஒன்றும் பேசவில்லை. “என்ரை பெண்சாதி மேரிசெலின். மகன் சுஜிந்தன். மகள் மரினா,” என்றார். பிறகு, “இவ என்ரை தங்கச்சி,” என்று என்னைக் காட்டினார். அது அங்கே ஒருவருக்கும் தேவையில்லாத விபரம்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள்.

வெளியே வந்தால் வண்டி முட்டுச்சந்துக்குள் நிற்கிறது. அண்ணா அவசரத்தில் உள்ளே விட்டிருக்கிறார், பின்னுக்கு எடுக்கத் தெரியாது. காரைக் கழற்றிவிட்டு அத்தனை பேரும் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு தள்ளினார்கள்.

“றொபேட், பெண்சாதியைக் கூப்பிட வந்தனாங்கள். உம்மடை வீட்டைத் தள்ளவோ?”

“கந்தோரைத் தள்ளுறதா நினைச்சுத் தள்ளுமன்.”

“அது இதைவிடப் பாரமடாப்பா.”

நானும் ஒரு மூலையில் கை வைத்துத் தள்ளினேன். கோபம் போகவில்லை. ஆனால் முதல் முறையாக அது எங்கே போய்ச் சேரவேண்டுமோ அங்கே போன மாதிரி இருந்தது.

5.9.1988

கார் ஓட்டப் பழகப் பதிந்துவிட்டேன். அண்ணா ஏனென்று கேட்கவில்லை.

14.3.1989

தவராஜா அண்ணை தொலைபேசியில்: கந்தோரில் எங்கள் விண்ணப்பங்களைத் திரும்பப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். அண்ணா கம்பிங்வோனைக் கழுவினார். வெளியே இன்னும் பனி கிடக்கிறது.

20.6.1989

கொழும்பிலிருந்து ஒரு சுவாமியார் தொலைபேசியில் கதைத்தார். சுஜி ரியூசன் முடிந்து வரும் வழியில், சண்டைக்கு ஆள் சேர்க்கும் பிள்ளைபிடிகாரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எந்தப் பக்கத்தார் என்று மச்சாளுக்குத் தெரியாது. போன வாரம் வரை வீட்டிலை இருந்த பிள்ளை. போன வாரம் வரை.

என்னாலை எழுதேலாது.

29.8.1989

அனுமதி வந்தது. மூன்று பேருக்கும்.

30.9.1989

பில்லுண்ட் விமான நிலையத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். மரினா என்னை “மாமி” என்று கூப்பிட்டாள்.

பின்னேரம் மச்சாள் கம்பிங்வோனுக்குள் ஏறிப் பார்த்தாள். மேல் கட்டிலைக் கையால் சாண் போட்டு அளந்தாள். “இதிலை அவன் காலை நீட்டேலாது,” என்றாள். கப்பல் விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அண்ணா வாசலில் நின்றார்.

14.1.1993, வியாழன். ஓல்போர்க்

தமிழரின் விண்ணப்பங்களைக் கிடப்பில் வைத்தது பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. பிரதமர் பதவி விலகினார். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்து, “நீங்கள் வென்றுவிட்டீர்கள், சந்தோசமா?” என்று கேட்டாள். “இல்லை” என்றேன். விளக்கமும் சொன்னேன், சுஜியின் பெயர் வரை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் அண்ணாவோடு கதைத்தேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டாராம். “ஸ்காகனிலை அந்த மனுசி சொன்னாவெல்லே, ஏதும் காரணம் இருக்குமெண்டு,” என்றார். “மேலையிருந்து கிடப்பிலை போடச் சொன்னதாம். அவ்வளவுதான் காரணம்.”

கம்பிங்வோனைப் போன கோடையில் ஒரு டெனிஷ் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதை வளவிலிருந்து பின்னுக்கு எடுத்து வீதியில் விட்டது நான்தான், ஒரே எடுப்பில். சுஜிந்தனுக்கு இந்த மாதம் பத்தொன்பது வயது. இன்றுவரை அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.