மனநல வகுப்பும் பள்ளிப் பேருந்தும்

ஜூன் 13, வெள்ளி
கணக்கு டீச்சரான எனக்கு மனநலப் பாடமாம். இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு, வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளை. "உங்களுக்குத்தான் அந்த நேரம் ஃப்ரீ" என்றார் தலைமையாசிரியை. என் தகுதி அவ்வளவுதான். முதல் பாடம்: கண்ணை மூடி மூச்சை இழுத்து விடு. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் குறட்டை விடுவதுபோல் நடித்தார்கள்.

ஜூன் 20
இரண்டாம் பாடம், 'நம்பிக்கையானவரிடம் மனம்விட்டுப் பேசு.' மணி அடித்ததும் இரண்டாம் பெஞ்சுப் பெண் மட்டும் போகாமல் நின்றாள். அவளுக்குத் திக்கும். பள்ளிப் பேருந்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்களாம். இப்போதெல்லாம் வீட்டுக்கு நடந்தே போகிறாளாம். அவ்வளவு தூரம்!

ஜூன் 23
தலைமையாசிரியையிடம் போனேன்.
"பஸ்ல ஒரு டீச்சர் கூடப் போகட்டும் மேடம்."
"வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றாரு. உங்க மனநல வகுப்பைத்தான் பார்க்கப்போறாரு. அது முடியட்டும், அப்புறம் பேசலாம்."
எது முடியணும்? மனநலத்தைக் காட்டுவதற்காக மனநலத்தைத் தள்ளிப்போடுகிறோம். யார்கிட்ட போய் முட்டிக்கிறது? வீட்டில் கத்தித் தீர்த்தேன். "மூச்சை இழுத்து விடும்மா" என்கிறார் இவர். பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன்.

ஜூன் 26
ஒத்திகை. கணக்குப் பாடவேளையும் போச்சு. "மனசு கஷ்டமா இருந்தா என்ன செய்வீங்க?" "ஆ-சி-ரி-ய-ரி-டம் சொல்-வோம்!" வாய்ப்பாடு மாதிரி.

ஜூன் 27
அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில் கூட்டமாக வந்தது.
"சரி, சொன்னா என்ன ஆகும்?"
இது ஒத்திகையில் இல்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. இரண்டாம் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.
"சொ... சொன்னேன் சார். இன்னும் ஒ... ஒண்ணும் ஆகல."
"அவளுக்குக் கொஞ்சம் பதட்டம் சார்" என்று தலைமையாசிரியை குறுக்கே வந்தார்.
"அவ பேசி முடிக்கட்டும் மேடம்."
நானா சொன்னேன்? நான்தான். அவள் பேருந்துக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

ஜூலை 1
அறிக்கை வந்துவிட்டது. 'மாணவர்கள் தயக்கமின்றிப் பேசுகிறார்கள். பாராட்டுகள்.' பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹும். தலைமையாசிரியை எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். பஸ் விஷயத்தை மறுபடி எடுத்தேன். "அதுக்கெல்லாம் ஆள் எங்க இருக்கு?" — மிட்டாய் கொடுக்க மட்டும் ஆள் இருக்கு!

ஜூலை 2
சாயங்காலம் வாசலில் அவளைப் பிடித்தேன். "வா, நானும் வர்றேன்." பேருந்தில் ஏறும்போது விளையாட்டு ஆசிரியர் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் போறேன் டீச்சர்" என்றார். பெரிய பிள்ளைகள் பெட்டிப் பாம்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜன்னலோரம். தன் தம்பி குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, அவசரமே இல்லாமல். பாதிக் கதையில் என் நிறுத்தம் வந்தது.
இறங்கவில்லை.